எமிலியானுஸ் என்ற முப்பத்தெட்டுப் பேர்

இத்தாலியில் எங்கள் பலேர்மோத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எமிலியானுஸின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஏன் என்னிடம் என்று கேட்டேன். மலர்க்குழுவில் இருக்கிற சயந்தினி இங்கே வளர்ந்த பிள்ளை. கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "நீங்கள்தானே அவரின்ரை தம்பி, அங்கிள்?"

தம்பியாம்! அவர் மன்னார், பேசாலை. நான் கரவெட்டி. அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர், நான் வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாதவன். அவருடைய தகப்பன் பெயர் சந்தியோகு, என்னுடைய தகப்பன் பெயர் தில்லைநாதன். எங்கே ஒட்டுகிறது? ஒட்டுவது ஒரே இடத்தில்தான். இந்த நாட்டில் இருப்பதற்கு அரசாங்கம் தருகிற பெர்மெஸ்ஸோவில் என் பெயர் 'எமிலியானுஸ் விக்னராஜா'. எமிலியானுஸ் எனக்குக் குடும்பப் பெயர். என் மகனுக்கும் அதுதான், மகளுக்கும் அதுதான். பலேர்மோவில் முப்பத்தெட்டுத் தமிழருக்கு இன்றைக்கு அதுதான் குடும்பப் பெயர். ஆள் ஆளாக எண்ணிப் பார்த்துவிட்டே சொல்கிறேன். அந்த முப்பத்தெட்டுப் பேரில் எமிலியானுஸ் இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொறாமையில் எழுதுகிறான் என்பார்கள். சொல்லட்டும். பத்து வருஷமாக வயிறெரிந்தவனுக்கு அதை மறைத்து எழுதத் தெரியாது. மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் விடட்டும்.

தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கத்தில் அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள், இரண்டு அறையும் ஒரு குழாயும் உள்ள வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். ஒழுங்கான பாஸ்போட்டோடு இருந்தவர் எமிலியானுஸ் ஒருவர்தான். கப்பலில் வேலை செய்து, நாப்போலியில் இறங்கி, இங்கே வந்து சேர்ந்தவர். ஆகவே வீடும் அவர் பெயரில். மற்ற எட்டுப் பேரின் பாஸ்போட்டையும் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வழியிலேயே வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான். அந்த வருஷம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. பாஸ்போட் இல்லாதவன் தன் பெயரைத் தானே ஃபோமில் எழுதி, தன்னைத் தெரிந்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்தோடு கொடுத்தால் பெர்மெஸ்ஸோ கிடைக்கும் என்றார்கள்.

ஃபோம் வந்தது. முழுக்க இத்தாலியன். எங்களுக்கு அப்போது தெரிந்த இத்தாலியன் துடைப்பம், வாளி, நாளைக்கு வா என்பதோடு சரி. எட்டுப் பேரில் ஏ.எல். வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ஃபோமைப் பார்த்தேன். மேலே முதலில் ஒரு பெரிய பெட்டி, அதற்குக் கீழே இன்னொரு பெட்டி. எங்கள் ஊரில் கூப்பன் காட் என்றாலும் சரி, வாக்காளர் இடாப்பு என்றாலும் சரி, கிராமசேவகர் முதலில் எழுதுவது வீட்டுத் தலைவனின் பெயரை. மற்ற ஆட்கள் எல்லாம் அதற்குக் கீழேதான் வருவார்கள். அப்படியானால் இந்தப் பெட்டி வேறு எதற்கு இருக்கப்போகிறது?

"இந்த வீட்டுக்குத் தலைவர் ஆர்?" என்று கேட்டேன்.

எமிலியானுஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாடகைச் சீட்டிலை என்ரை பேர்தானே கிடக்கு. என்னைப் போடுங்கோவன்."

போட்டேன். ஒன்றல்ல, எட்டு ஃபோமிலும் போட்டேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். எட்டுப் பேருக்கும் 'எமிலியானுஸ்' என்று முதல் பெட்டியில் நானே அழகாக எழுதினேன். அவர் மீன் வாசம் வீசுகிற கையைத் துடைத்துவிட்டு எட்டிலும் சாட்சிக் கையெழுத்து வைத்தார். இந்தப் பெயர் பலேர்மோவில் பிறந்த கதை இவ்வளவுதான்.

பெர்மெஸ்ஸோ கையில் கிடைத்த சந்தோஷத்தில் ஒருவரும் அதை ஒழுங்காக வாசிக்கவில்லை. நான் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவள்தான் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, முதல் பெட்டியில் போடுவது பரம்பரைப் பெயர், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்குப் போவது என்று விளக்கினாள். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். மற்ற ஏழு பேரும் என்னை அடிக்காத குறை. திருத்தப் போவோம் என்றால், பொய்ப் பெயர் கொடுத்தாய் என்று பெர்மெஸ்ஸோவையே பறித்துவிட்டால்? ஒருவருக்கும் துணிவில்லை. எமிலியானுஸ் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, நான் இன்னும் கலியாணமே கட்டேல்லை. அதுக்குள்ளை எட்டுப் பிள்ளையள்!"

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு அது பரவியது. பாஸ்போட் புதிதாக எடுத்தவர்கள் பெர்மெஸ்ஸோவில் உள்ள பெயருக்கே எடுத்தார்கள். குழந்தைகள் பிறந்தன, எல்லாம் எமிலியானுஸ். ஊரிலிருந்து தம்பியைக் கூப்பிட்டவன், தம்பிக்கும் அதே பெயர் இருந்தால்தான் நம்புவார்கள் என்று தம்பியையும் எமிலியானுஸ் ஆக்கினான். மன்னாரிலிருந்து வந்த பிறின்ஸும் அப்படித்தான், தீவுப்பகுதியிலிருந்து வந்த மாக்கிரட்டும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்பிக் கலியாணம் எழுதப் போனபோது, கூடப்பிறந்தவர்களுக்கு நான் எப்படித் தாலி ஆசீர்வதிப்பது என்று பங்குச் சாமியார் பேனாவை வைத்துவிட்டார். எமிலியானுஸ் போய், இரண்டு மணித்தியாலம் கையையும் காலையும் ஆட்டிக் கதைத்து, அவரை நம்பவைத்தார். கலியாணத்தில் பெண்ணையும் அவரே கையில் பிடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை பக்கத்திலும் முதல் வரிசை அவருக்குத்தான்.

இப்போது ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும், மலருக்காயிற்றே. உயரம். கறுப்பு. நாற்பது வயதிலும் தலையில் ஒரு நரை இல்லை. எனக்கு முப்பத்திரண்டில் வழுக்கை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் மீன் வெட்டுகிறவர். முதலாளி அவரைக் கேட்காமல் வள்ளக்காரரிடம் ஒரு நண்டு வாங்கமாட்டான். இத்தாலியன் இலக்கணமே தெரியாது, ஆனாலும் சந்தையில் உள்ள கிழவிகள் எல்லாம் அவரோடு நின்று கதைப்பார்கள். நான் ஐந்து வருஷம் புத்தகம் வைத்து இத்தாலியன் படித்தேன், என்னோடு ஒரு பூனைகூட நின்று கதைக்கவில்லை. இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மலைக்கு ஏறுகிற நாட்களில் நாங்கள் எல்லோரும் மூச்சு இளைத்து இளைத்து ஏறுவோம். அவர் யாரோ ஒருவரின் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டு போவார். பெரும்பாலும் அது என் பிள்ளையாக இருக்கும்.

என் மனைவி யோகாம்பாள் தொண்ணூற்றிரண்டில் வந்தாள். றோமில் விமானம். றோமிலிருந்து பலேர்மோவுக்கு ரயிலில் பன்னிரண்டு மணித்தியாலம். சிசிலித் தீவுக்குக் கடக்க, மெசினா நீரிணையில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள். கடலின் நடுவில் நாங்கள் ரயிலுக்குள் இருப்போம். அந்த அதிசயத்தை அவளுக்கு நான்தான் காட்டவேண்டும் என்று இரண்டு வருஷமாக ஆசையை வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் சிஞ்ஞோரா லீவு தரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுடைய மகள் வீட்டு விருந்தாம். கூட்டிவரப் போனது யார் என்று நான் சொல்லவேண்டுமா?

விமான நிலையத்தில் அதிகாரி கேட்டானாம், "கணவர் பெயர் என்ன?" யோகாம்பாள் கடதாசியில் உள்ளபடி "எமிலியானுஸ்" என்றாளாம். வெளியில் காத்துக்கொண்டு நிற்பவர் பெயர் என்ன என்று கேட்டதற்கும் அதையே சொன்னாளாம். அதிகாரி வெளியில் வந்து அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி அனுப்பினானாம். இதை அவர் எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்து எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். யோகாம்பாளும் சிரித்தாள். பன்னிரண்டு மணித்தியாலம் அந்த ரயிலில் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் ஏழு வருஷம் உள்ளுக்குள்ளே வைத்துப் புழுங்கினேன்.

தொண்ணூற்று மூன்றில் லக்சன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையில் ஒரு பிளாஸ்ரிக் பட்டி, அதில் 'எமிலியானுஸ்' என்று எழுதியிருந்தது. நான் பால்மா வாங்கக் கீழே போயிருந்த நேரம் அவர் மீன் சூப் கொண்டுவந்திருக்கிறார். நான் திரும்பி வரும்போது தாதி என் பிள்ளையைத் தூக்கி அவருடைய கையில் கொடுத்து, "அப்பாவைப் போலவே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளையின் கையில் இருந்த பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து நான் அவரோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தேன். அவருக்கு அது விளங்கியதாகவே தெரியவில்லை, பண்டிகைக்குப் பண்டிகை மீன் பொட்டலத்தோடு வந்துகொண்டேயிருந்தார்.

இந்த வருஷம் லக்சனுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். பதியப் போனபோது அலுவலகத்துப் பெண் பெயரைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். "எமிலியானுஸ்! ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் வெட்டுகிறவரின் தம்பி மகனா?" அவ்வளவுதான். இந்தப் பெயரை என் பிள்ளைகளின் மேலிருந்து கழற்றாமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஏறிவிட்டால் பிறகு சாகும்வரை அதுதான்.

தொழிற்சங்க அலுவலகத்தில் எங்களைப் போன்றவர்களுக்குக் கடதாசி வேலை பார்த்துத் தருகிற பெண்ணிடம் போனேன். இப்போது பயமில்லை, திருத்தலாம் என்றாள். தொண்ணூறில் சாட்சிக் கையெழுத்து வைத்தவரே, இவர் என் உறவினர் இல்லை, பெயர் தவறுதலாக எழுதப்பட்டது என்று ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். மிச்சத்தை அவள் பார்ப்பாளாம். கடதாசியை அடித்தும் தந்தாள். இனி எல்லாம் அந்த மனுசனின் கையில்.

யோகாம்பாளிடம் சொன்னேன். அவள் காய் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"இப்ப என்னத்துக்கு இது? பெடியன் அந்தப் பேருக்குப் பழகிட்டான்."

"உனக்கு அந்தப் பேர் இனிக்குது, என்ன? ரயிலிலை வந்த நாளிலையிருந்து இனிக்குது."

வாய் தவறித்தான் வந்தது, ஆனால் ஏழு வருஷமாக உள்ளே இருந்ததுதான் வந்தது. அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரயிலோ? அந்த ரயில் முழுக்க நான் சத்தி எடுத்தன். பன்னிரண்டு மணித்தியாலமும் அந்த மனுசன் எனக்குப் பக்கத்திலை பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது. நீங்கள் சொல்லுற கப்பலையும் நான் பாக்கேல்லை, கடலையும் பாக்கேல்லை. விசரே உங்களுக்கு?"

நான்கு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. பையைப் பிடித்துக்கொண்டிருக்கவும் அவருக்குத்தானே கிடைத்தது.

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் பஸ் எடுத்து ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து கடை காலியாக இருந்தது. பின்பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துகொண்டு எமிலியானுஸ் கணவாய் மீன் துப்புரவு பண்ணிக்கொண்டிருந்தார். முழங்கை வரை கணவாய் மை.

"வா விக்னம், வா! சாப்பிட்டியே?"

"அதை விடுங்கோ அண்ணை. ஒரு கையெழுத்துக்கு வந்தனான்."

வழியெல்லாம் நான் சண்டைக்குத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். அவர் சிரித்து மழுப்பினால் என்ன சொல்வது, பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் என்ன சொல்வது, எல்லாம் மனப்பாடம். அவர் கடதாசியை மையோடு வாங்கி, தூரத்தில் பிடித்து, மெதுவாக வாசித்தார். சிரிக்கவில்லை.

"அப்ப இனி உனக்கு என்ன பேர் வரும்?"

"தில்லைநாதன். அப்பான்ரை பேர். அதுதானே முறை."

"பெடியன்?"

"லக்சன் தில்லைநாதன்."

"அப்ப நீ எங்கை?"

எனக்கு விளங்கவில்லை. அவர் கத்தியால் கடதாசியைக் காட்டினார்.

"எங்கடை ஊரிலை பிள்ளைக்கு முன்னாலை தகப்பன்ரை பேர்தானே வரும்? லக்சனுக்கு முன்னாலை விக்னராஜா எண்டு. இஞ்சை அப்பிடி இல்லை. இஞ்சை உன்ரை அப்பாதான் வருவார். நீ வரமாட்டாய்."

நான் ஏ.எல். வரை படித்தவன், பத்து வருஷம் இதையே நினைத்து வெந்தவன், இதை ஒருநாளும் யோசிக்கவில்லை. எமிலியானுஸைக் கழற்றினால் அந்த இடத்தில் நான் போய் இருப்பேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ரை ஜூலி ஆர் தெரியுமோ?" என்றார். ஜூலி அவருடைய ஒரே மகள், லக்சனின் வயது. "ஜூலி சந்தியோகு. என்ரை பாஸ்போட் சரியான பாஸ்போட் எல்லே, அதிலை அப்பான்ரை பேர்தான் குடும்பப் பேர். எனக்கு மூண்டு வயசிலை, அம்மாவையும் எங்களையும் விட்டிட்டு வள்ளத்திலை இந்தியாவுக்குப் போன மனுசன். வேறை குடும்பம் வைச்சிருந்தவராம். அவரின்ரை பேரைத்தான் என்ரை பிள்ளை கொப்பியிலை எழுதப் போகுது. நான் ஒரு இடத்திலும் இல்லை."

ஒரு கணவாயை எடுத்தார், வெட்டாமல் திரும்ப வைத்தார்.

"உன்ரை பெடியன் பிறந்த அண்டைக்கு அந்தக் கையிலை என்ரை பேரைப் பாத்தன் எல்லே. பிறகு ஜூலி பிறக்க, அவளின்ரை கையிலை சந்தியோகு எண்டு கிடந்தது. கடவுளாணைச் சொல்லுறன் விக்னம், உன்னிலை எனக்கு அப்பிடி ஒரு எரிச்சல். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் என்ரை பேர், என்ரை பிள்ளைக்கு மட்டும் இல்லை. ஆருக்கும் சொன்னதில்லை. றோஸ்மேரிக்கும் தெரியாது." றோஸ்மேரி அவருடைய மனைவி.

பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கையைக் கழுவிவிட்டுப் போடுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் கணவாய் மையில் அவருடைய பெருவிரல் அப்படியே பதிந்தது. "லக்சனுக்குக் குடு" என்று ஒரு பொட்டலம் கணவாயும் கட்டித் தந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. மனுசனுக்காக இரங்கினேனா? கொஞ்சம் இரங்கினேன். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சுக்குள் துள்ளியது. அவருக்கு என் மேல் பொறாமையாம்! உயரமும் கறுத்த தலைமயிரும் கிழவிகளும் பாட்டும் உள்ள எமிலியானுஸுக்கு, வழுக்கை விக்னராஜாவின் மேல் எரிச்சலாம்! எத்தனை வருஷம்! எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை? பஸ் முழுக்கக் கணவாய் மணக்க, நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

கடதாசியைக் கொண்டுபோய் அலுமாரி லாச்சிக்குள் வைத்தேன். தொழிற்சங்கப் பெண் இரண்டு தரம் ஃபோன் எடுத்தாள். நாளைக்குக் கொண்டுவாறன் என்று சொன்னேன். லாச்சி மணக்கிறது என்று யோகாம்பாள் ஏசினாள். பள்ளிக்கூடம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது லக்சனின் நீலச் சட்டையையும் ஊசி நூலையும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். இங்கே சின்னப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் நெஞ்சுக்கு நேரே பெயர் தைத்து அனுப்பவேண்டும்.

"இஞ்சருங்கோ, என்ன பேரைத் தைக்கிறது?"

"எமிலியானுஸ் எண்டு தை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். அந்த மனுசனுக்கு இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை நான் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று வாசலில் ஒரே சனம். எமிலியானுஸும் ஜூலியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். லக்சன் என் கையை உதறிவிட்டு, "பெரியப்பா!" என்று அவரிடம் ஓடினான். பெரியப்பாவாம். எனக்குச் சுருக்கென்றது. அவர் குந்தியிருந்து அவனுடைய சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டார். பூட்டும்போது நெஞ்சில் தைத்திருந்த பெயரைக் கண்டார். கழற்றியிருப்பேன் என்றே நினைத்திருப்பார். பெருவிரலால் அந்த நூலெழுத்தை ஒரு தரம் தடவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இங்கே பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை; ஜூலியின் சட்டையில் 'சந்தியோகு' என்று றோஸ்மேரி சின்னதாகத் தைத்திருந்தாள்.

ரீச்சர் பட்டியலோடு படியில் வந்து நின்றாள். ஒவ்வொரு பிள்ளையின் தகப்பனாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாள்.

"சிஞ்ஞோர் எமிலியானுஸ்?"

அவருக்கு வாய் திறந்துவிட்டது. தாய் வைத்த பெயர், நாற்பது வருஷமாக அதற்குத் திரும்பிப் பார்த்த மனுசன். ஒரு அடி முன்னுக்கும் வைத்துவிட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டு பின்னுக்குப் போய், ஜூலியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு வழி விட்டார்.

"நான்தான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.